கடைசியில் எழுந்து வந்த பிள்ளை

பெற்றோரைக் கண்டாலே பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போன மாதம் இரண்டு இளம் ஆசிரியைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஏன் வீட்டுப்பாடம் தரவில்லை என்று ஒரு தகப்பனார் சண்டைக்கு வந்தாராம். ஒரு தாயார் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டே மகளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாராம். உங்கள் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காதே என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் காலத்துப் பெற்றோர் என்ன, வானத்திலிருந்து குதித்தவர்களா? அவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு ஒரு கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார்கள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் பழனி. அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. பெண் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பி மாண்டிசோரிப் பயிற்சி படிக்க வைப்பதற்கு அவர் சம்மதித்ததே பெரிய காரியம். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் மரக்கட்டைகளை அடுக்கிப் பழகினோம், மத்தியானம் அவற்றைத் துடைத்தோம், சாயங்காலம் வீட்டை நினைத்து அழுதோம். அதற்குள் ஜப்பான்காரன் போர் பக்கத்தில் வந்துவிட்டது. பட்டணத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் ஊர் காலியானது. கொடைக்கானலில் ஓர் அம்மாள் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறையில் பள்ளிக்கூடம் நடத்துகிறார், துணை ஆசிரியை தேடுகிறார் என்று கேள்விப்பட்டு மலையேறினேன்.

அவர்தான் ஞானமணி அம்மா. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். சாம்பல் நிறச் சால்வை, சத்தமே வராத செருப்பு. அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அவர் குரல் போனதே கிடையாது. யாரிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் அவர்கள் பக்கத்தில் நடந்துபோய், நின்று, பிறகுதான் சொல்வார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஆயாவிடம் சொல்வதற்கும் இதே நடைதான். அவர் போய்ச் சேர்வதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் பேசுவது எனக்குக் கேட்காமல் போகிற நாள்தான் என் வேலை போகிற நாள் என்று நினைத்துக்கொள்வேன். யாரையும் பாராட்ட மாட்டார். ‘சரி’ என்றால் மிக நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ‘பார்ப்போம்’ என்றால் முடியாது என்று அர்த்தம்.

கடைத்தெருவுக்குக் கீழே ஒரு பழைய பங்களாவில் பள்ளி. மலைவீடுகளில் ஈரத்துக்குப் பயந்து பலகைத் தரை போடுவார்கள், அடியில் வெற்றிடமாக இருக்கும். ஒருவர் அழுத்தி நடந்தால் வீடே அதிரும். அதனால் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது மெதுவாக நடப்பதைத்தான்.

பெற்றோரின் புகார்கள் முதல் வாரமே தொடங்கிவிட்டன. சிலேட்டு எங்கே? அரிச்சுவடி எங்கே? பிள்ளையை மேசை கழுவவிடுகிறீர்களாமே, அதற்கா அனுப்பினோம்? ஞானமணி அம்மா யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். ‘ஒருநாள் காலையில் வந்து உட்காருங்கள்’ என்பார். அதற்கென்றே வகுப்பின் மூலையில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். ஒரு சமயத்தில் ஒரே ஒருவர்தான். எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, சொந்தப் பிள்ளை பார்த்தாலும் தலையைக்கூட ஆட்டக் கூடாது. பிள்ளை தண்ணீரைக் கொட்டினால் கொட்டட்டும், அதுவே துணி எடுத்துத் துடைக்கும். இதைக் கேட்கும்போது எல்லோரும் ‘இதென்ன பெரிய விஷயம்’ என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கூக்கால் கிராமத்திலிருந்து பூண்டு மூட்டையோடு சந்தைக்கு வந்த ஒரு விவசாயி மகனைப் பார்க்க உட்கார்ந்தார். பையன் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது இவர் கை தானாக நீண்டு நீண்டு மடங்கியது. வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “காட்டுல பகல் பூரா கொத்திருவேன் டீச்சரம்மா, இந்த நாக்காலி சோலி நமக்கு ஆகாது” என்றார்.

எங்கள் பள்ளிக்குப் பலசரக்குக் கொடுத்தவர் காதர் மைதீன் ராவுத்தர். கடைத்தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பாசிப்பயறு மூட்டையை இறக்க வந்தவர் ஜன்னல் வழியாக எங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தன் ஒரே மகள் ஜைனபுவைக் கொண்டுவந்து சேர்த்தார். அப்போது அவளுக்கு நாலு வயது. மையிட்ட பெரிய கண்கள். எதை ஒருமுறை செய்து காட்டினாலும் அப்படியே செய்வாள். ஆனால் வாய் திறக்க மாட்டாள். அதற்காக நாங்கள் கவலைப்படவில்லை. புது இடத்துக்கு வந்த பிள்ளை மாதக்கணக்கில் பேசாமல் இருப்பது உண்டு. வற்புறுத்தாதே, அதற்கே தோன்றும்போது பேசும் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். வீட்டில் நன்றாகப் பேசுவாள் என்று அவள் அம்மா சொல்லியனுப்பியும் இருந்தார்.

மௌன விளையாட்டு என்று ஒன்று எங்கள் முறையில் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் அசையாமல் உட்கார வேண்டும். மூச்சுச் சத்தம்கூட அடங்கிய பிறகு ஆசிரியை பக்கத்து அறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பாள். தன் பெயர் காதில் விழுந்த பிள்ளை நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்து, பலகை அதிராமல் நடந்து ஆசிரியையிடம் வந்து சேர வேண்டும். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளுக்குத் தன் முறை வரும்வரை காத்திருப்பது பெரிய தவம். ஜைனபு மட்டும் அசைய மாட்டாள். எத்தனை முறை நடத்தினாலும் கடைசியில்தான் வருவாள். நடுவில் அவள் பெயரைச் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டாள், மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று எண்ணிக்கொண்டோம். அவளைப் போலப் பொறுமை வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ராவுத்தரும் ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்தார். அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மகளின் அடக்கத்தைப் பற்றிப் பேசினாராம்.

எங்கள் முறையின் பெருமையே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது. எந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தாலும் அந்தப் பிள்ளையை இரண்டு அதட்டு அதட்டி, ஒரே வாரத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பார்.

ராவுத்தரின் மனைவி ஆமினா நெடுநாள் வரவில்லை. கடைசியில் ஒரு மழைக்காலக் காலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தார். என்னைவிடச் சின்னப் பெண். விதிகளைச் சொன்னேன், தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்று மௌன விளையாட்டில் பெயர் கூப்பிட்டது ஞானமணி அம்மா. நான் பிள்ளைகளோடு வகுப்பறையில் இருந்தேன். இரண்டு மூன்று பேர் போன பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து ‘ஜைனபு’ என்று மெல்லக் கேட்டது. உடனே என் உள்ளங்காலில் ஏதோ தட்டியது போல இருந்தது. திரும்பினேன். நாற்காலியில் துப்பட்டி அசையவில்லை. அதன் அடியில், ஆமினாவின் குதிகால் மட்டும் பலகையில் இன்னொரு முறை தட்டியது. ஜைனபு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் கதவுப் பக்கம் போனது. பிள்ளை எழுந்து, பூனை மாதிரி நடந்து கதவுக்குப் போனாள்.

அவள் கடைசியில் வந்ததற்கெல்லாம் காரணம் சட்டென்று விளங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து போவதைப் பார்ப்பாள், தான் மட்டும் மிச்சம் என்றால் எழுந்து வருவாள். அவ்வளவுதான்.

விளையாட்டு முடிந்ததும் ஆமினாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. பிள்ளைக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பால்குடி மறக்குறதுக்கு முந்தியே தெரியும்” என்றார்.

பிறகு எல்லாம் சொன்னார். ராவுத்தருக்குத் தெரியாது. அவர் வெள்ளனே கடையைத் திறந்தால், சாப்பாட்டு நேரம் தவிர, பிள்ளை தூங்கிய பிறகுதான் உள்ளே வருவார். கூப்பிட்டு வராவிட்டால் பிடிவாதக்காரி என்று நினைப்பார். அவள் வாய் திறக்காததைக் கூச்சம் என்று ஆமினாவே அவரிடம் சொல்லிவைத்திருந்தார். ராவுத்தரின் அக்கா மலைக்குக் கீழே ஆயக்குடியில் இருந்தார். அந்த அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காத ஒரு மகன். அவனைப் பற்றிச் சொல்லும்போது ஆமினா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவனக் கொய்யாத் தோப்புல விட்டுட்டாங்க டீச்சரம்மா. மீச மொளச்சிருச்சு, இன்னும் அங்கதான் கெடக்கான். தகரத்தத் தட்டிக் கிளி வெரட்டுறான். அவன் தட்டுற சத்தம் அவனுக்கே கேக்காது. இவரு காதுக்கு விசயம் போச்சுன்னா எம்மகளையும் அந்தத் தோப்புக்குத்தான் அனுப்புவாங்க. அல்லா குடுத்தது இம்புட்டுத்தான்னு சொல்லிருவாங்க. நீங்களும் இவள வேண்டாம்னுறாதீங்க.”

அனுப்ப விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது சொன்னதுதான், பின்வாங்குகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இல்லை.

அன்று மாலையே ஞானமணி அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் ஜைனபுவைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், பேரிக்காய் மரத்தடியில் இலைகளை அளவு வாரியாக அடுக்கும் வேலையைக் கொடுத்தார். பலகையாக இருந்தால் அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மண்தரை. பிறகு அவளுக்குப் பின்னால் போய், தன் நிழல் அவள் முன்னால் விழாத பக்கமாகப் பார்த்து, காற்று வீசுகிறதா என்று முந்தானையைத் தூக்கிப் பார்த்து நின்றார். முதலில் பெயரைச் சொன்னார். கையைத் தட்டினார். கடைசியில் பள்ளிக்கூட மணியை அடித்தார். மரத்திலிருந்த குருவிகளெல்லாம் பறந்தன. ஜைனபு அடுத்த இலையை எடுத்து வைத்தாள். அந்த வாரம் முழுவதும் வெயிலிலும் மூட்டத்திலும் இதையே திரும்பச் செய்தார். ஒருமுறை பார்த்ததை நம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

கடைசியில் என் பக்கத்தில் நடந்து வந்து நின்று, “இவளுக்கு நீ எதைச் சொல்லிக்கொடுப்பாய்?” என்று கேட்டார். தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றேன். காது கேளாத பிள்ளைகளுக்கென்று பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி இருக்கிறது, அங்கே அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள், பாவம் பார்த்து இங்கே வைத்துக்கொண்டு நாலு வருஷத்தை வீணாக்குவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளையை, அப்பாவுக்கே விஷயம் தெரியாத வீட்டிலிருந்து எப்படி அனுப்புவது? வளரும்வரை நாம் வைத்துக்கொள்வோம் என்றேன். “பார்ப்போம்” என்றார்.

நான் விடவில்லை. தினமும் காலையில் அவர் சால்வையை மடித்து வைக்கும் நேரம் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பேன். அவரும் ஒரே பதிலைச் சொல்வார். இரண்டு பேருக்கும் அது காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

அதை மாற்றியது ஜைனபுதான். எங்கள் எழுத்துப் பாடம் உப்புத்தாளில். தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி, வழுவழுப்பான பலகையில் வச்சிரம் போட்டு ஒட்டி வைத்திருப்போம். பிள்ளை இரண்டு விரலால் அந்தச் சொரசொரப்பைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். போர்க்காலத்தில் உப்புத்தாள் கிடைக்காமல் நான் ஆற்றுமணலைச் சலித்து ஒட்டிச் செய்த எழுத்துகளும் அதில் உண்டு. ஒருநாள் வேறொரு பிள்ளைக்கு ‘ம’ என்ற எழுத்தைத் தடவிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஜைனபு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று கையை நீட்டி என் தொண்டையில் வைத்தாள். நான் மறுபடி சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு உதட்டை மூடினாள். ஓர் ஒலி வந்தது. தேய்ந்த, கரகரப்பான ஒலிதான். ஆனால் அது ‘ம’. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதிலென்ன வெட்கம்.

ஞானமணி அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் நடந்து வந்து, “சரி” என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். இங்கே ஒரு காலைப்பொழுது கற்பதை வீட்டில் மீதி நாள் முழுவதும் பேச வேண்டும், அதற்கு அவள் அம்மா தினமும் வந்து அவளோடு தரையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெற்றோரை நாற்காலியை விட்டு நகரவிடாத மனுஷி சொன்ன சொல் இது. “ஒளித்துவைத்த பிள்ளைக்குப் பாடம் நடத்த முடியாது. முதலில் தகப்பனார் தெரிந்துகொள்ள வேண்டும். சொன்னால் நம்ப மாட்டார், பார்க்க வேண்டும்” என்றும் சொன்னார்.

ஆமினாவிடம் கேட்டோம். மகள் ‘ம’ சொல்வதை ஒருமுறை கேட்டுவிட்டு, பார்க்கட்டும் என்றார்.

ஆகவே ராவுத்தரைக் கூப்பிட்டனுப்பி, அந்த நாற்காலியைத் தோட்டத்தில் போட்டோம். மகளைப் பற்றி நல்லதாக ஏதோ காட்டப்போகிறோம் என்று நினைத்து, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் புல்தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால், மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றேன். கூப்பிட வேண்டிய முதல் பெயர் ஜைனபு என்று ஞானமணி அம்மா முன்பே சொல்லியிருந்தார். கிசுகிசுத்தேன். எழவில்லை. வழக்கமாக மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறவள்தானே என்று ராவுத்தர் புன்னகைத்தார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். பிறகு சாதாரணமாகப் பேசும் குரலில். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முகத்தில் புன்னகை இருந்த இடத்தில் ஏதோ குழப்பம் வந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ‘ஜைனபு’ என்று கத்தினேன். அந்தப் பள்ளியில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்பு எழுந்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்கள். ஒரு பின்னல் மட்டும் திரும்பவில்லை.

ராவுத்தர் எழுந்தார். நாங்கள் தடுக்கவில்லை. மகளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒருமுறை, குனிந்து மிக மெதுவாக, “ஜைனபு” என்றார். அவள் புல்லில் ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்தார், யாரையும் பார்க்காமல் படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் பிள்ளை வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கடைப் பையன் வழக்கம்போல் சரக்கை இறக்கிவிட்டுப் போனான், வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு எங்கள் ஆயா சேதி கொண்டுவந்தார். ஆயக்குடி அக்காவுக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டதாம், பிள்ளையை ராவுத்தர் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் கீழே கொண்டுபோய் விடப்போகிறாராம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஞானமணி அம்மாவிடம் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியே பனியாக இருக்கிறது என்று தன் சால்வையை எடுத்துக் கொடுத்தார்.

கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ராவுத்தர் தராசுக்குப் பின்னால் இருந்தார். என்னைக் கண்டதும், என்ன வேண்டும் என்று சரக்கு வாங்க வந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டார். ஜைனபு வேண்டும் என்றேன். வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டு விஷயம், நீங்கள் போங்கள் என்றார். போகமாட்டேன் என்றேன். அவளுக்குப் படிக்க வரும், தொண்டையில் கை வைத்து ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டாள், அந்தத் தோப்பில் அவளுக்கு யார் தொண்டை கொடுப்பார்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். அல்லாவின் நாட்டத்தைப் பற்றி அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அவள அடிச்சிருக்கேன் டீச்சரம்மா” என்றார். “கூப்பிட்டா வரலைன்னு அடிச்சிருக்கேன். திமிருன்னு அடிச்சிருக்கேன். அவ அழுதுக்கிட்டு எம்மொகத்தையே பாப்பா, எதுக்குன்னு தெரியாம. இப்ப அந்த மொகத்த நான் எப்படிப் பாக்குறது?”

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் குனியவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. “உங்களுக்கு அவ மூஞ்சியப் பாக்கக் கூசுதுன்னு அவள மலைய விட்டு எறக்குவீங்களா?” என்று கேட்டேன். நான் பழனிக்காரி. அடிவாரக் கடைகளில் சண்டை பார்த்து வளர்ந்தவள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய சாக்குத் திரை விலகியது. ஆமினா வெளியே வந்தார். கணவர் வியாபாரம் செய்யும் நேரத்தில் அந்தத் திரையைத் தாண்டி அவர் வந்ததே கிடையாது என்று பின்னால் சொன்னார்கள். துப்பட்டி போர்த்தியிருந்தார், ஒரு கையில் ஜைனபு. பிள்ளைக்குத் தலை வாரி, கம்பளிச் சட்டை போட்டு, பள்ளிக்குப் போகத் தயாராக நிறுத்தியிருந்தார். மிளகாய் மூட்டைக்கும் வாடிக்கைக்காரர்களுக்கும் நடுவே வழி பண்ணிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்று கணவரிடம் சொன்னார். “நானும் போறேன். தெனமும் போவேன். சோறாக்கி வச்சிட்டுத்தான் போவேன்.”

அவர் தடுக்கப்போகிறார் என்று நான் காலை ஊன்றி நின்றேன். ராவுத்தர் மனைவியைப் பார்த்தார். மகளை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில் தராசில் இருந்த பருப்பைக் காகிதத்தில் கொட்டி மடிக்க ஆரம்பித்தார். “வெரசாப் போங்க, மழ வரும்போல இருக்கு” என்றார்.

கடைத்தெரு முழுவதும் எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நடுத்தெருவிலேயே நடந்தோம்.

அதற்குப் பிறகு ஆமினா ஒருநாளும் தவறவில்லை. அரபு எழுத்து வாசிக்கத் தெரிந்தவர், தமிழ் எழுத்துதான் தெரியாது. மகளோடு பாயில் உட்கார்ந்து, என் மணல் எழுத்துகளைத் தடவித் தடவி அவரும் கற்றார். வலமிருந்து இடமாகத் தடவப் போகும் அம்மாவின் விரலை ஜைனபு பிடித்துத் திருப்பி வைப்பாள். பாடம் எப்போதும் ஒரே வரிசைதான். முதலில் என் தொண்டையில் அவள் கை, நான் ஒலியைச் சொல்வேன். பிறகு அவள் தொண்டையில் என் கை, அவள் திருப்பிச் சொல்வாள். பிறகு அம்மாவோடும் இதே மாதிரி. ஓர் எழுத்துக்கு ஒரு வாரம் ஆன நாள்களும் உண்டு. அலுத்து, பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு அவள் தோட்டத்துக்கு ஓடிய நாள்களும் உண்டு. ஆமினா போய்க் கூட்டிவருவார், மறுபடி உட்காருவோம். சில தாய்மார்கள் அந்தப் பிள்ளையோடு எங்கள் பிள்ளை சேர்ந்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று முறையிட்டார்கள். ஞானமணி அம்மா அவர்கள் பக்கத்தில் நடந்துபோய் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்த குரல். அப்புறம் யாரும் முறையிடவில்லை.

பின்னால் என்ன ஆனாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வளர்ந்ததும் பாளையங்கோட்டைப் பள்ளிக்குத்தான் போனாள். அம்மாவும் அப்பாவும் கொண்டுபோய் விட்டார்கள். படித்தாள், தையல் கற்றாள், கல்யாணம் ஆகி மதுரையில் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஆனால் நான் அந்தக் குடும்பத்தை நினைக்கும்போது எனக்கு முன்னால் வந்து நிற்பது வேறொரு நாள்.

அம்மாவும் மகளும் வரத் தொடங்கிச் சில மாதங்கள் இருக்கும். ராவுத்தர் அதுவரை பள்ளிப் பக்கம் வரவில்லை. வீட்டிலும் மகள் விழித்திருக்கும் நேரத்தில் இப்போது சாப்பாட்டுக்குக்கூட உள்ளே வருவதில்லை என்று ஆமினா வருத்தப்பட்டார். ஒருநாள் மத்தியானத்துக்கு முன்னால் தோட்டத்து வாசலில் வந்து நின்றார். நானும் ஞானமணி அம்மாவும் போனோம். தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்துவிட்டுச் சொன்னார்.

“எம்புட்டோ எழுத்து சொல்லிக் குடுக்குறீங்க. எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லிக் குடுங்கம்மா. தப்புப் பண்ணிட்டேன்னு அவகிட்ட நான் எப்படிச் சொல்லணும்?”

ஞானமணி அம்மா உள்ளே போய் ஜைனபுவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, அப்பாவுக்கு எதிரே நிறுத்தினார். பின்னாலேயே ஆமினாவும் வந்தார். ராவுத்தர் அந்த ஈரப் புல்லில் வெள்ளை வேட்டியோடு குந்தினார். அப்பாவும் பாடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஜைனபு நினைத்தாளோ என்னவோ. நேராக அவர் தொண்டையில் கையை வைத்து, வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் வாயைத் திறந்தார். தோள் குலுங்கியது. விம்மல் ஒன்று அடித்தொண்டையிலிருந்து உடைந்து உடைந்து வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அது முடியும்வரை கவனமாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவருடைய கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தாள். நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு அந்த விம்மலை, விட்ட இடத்தில் விட்டு, உடைந்த இடத்தில் உடைத்து, அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டுச் சரியா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் திகைத்து மனைவியைப் பார்த்தார்.

“நீங்க சொன்னதத்தான் திருப்பிச் சொல்றா” என்றார் ஆமினா. “சரின்னு தலையாட்டுங்க.”

அவர் தலையாட்டினார். ஞானமணி அம்மா என் முழங்கையைத் தொட்டு உள்ளே வரும்படி ஜாடை காட்டினார். எங்களுக்கு அங்கே வேலை இல்லை.